சமரசத்தில் "இதுதான் கடைசித் தொகையா?" என்று கேட்டால்?

வக்கீல் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். சத்துவாச்சாரி சமரச மையத்தில் பாகப்பிரிவினை வழக்கு. கட்சிக்காரர் கேட்பது 12 லட்சம். தனி அமர்வில் சமரசரிடம் 9-க்கும் சம்மதம் என்றிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் "12-தான் கடைசியா?" என்றால், "ஆமாம்" என்பது பொய். "9" என்பது கட்சிக்காரரைக் காட்டிக்கொடுப்பது. "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாலோ, இறங்கத் தயார் என்று புரிந்துகொள்வார்கள். முதல் சுற்றிலிருந்தே எல்லாத் தொகைக்கும் இதே பதிலைச் சொல்லிவந்தால் அந்தக் குறிப்பு கசியாது என்று தோன்றுகிறது. வேறு வழி உண்டா?

இன்னொன்று. சமரசம் முறிந்தால், அவர்கள் 7 லட்சம் தர முன்வந்ததை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மெமோவில் எழுதச் சொல்கிறார் கட்சிக்காரர். அது கூடாது. மோதிராம் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், முறிந்தால் 'சமரசம் ஆகவில்லை' என்பது மட்டுமே நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்றது. கோபத்தில் இருப்பவருக்கு இதை எப்படிப் புரியவைக்கிறீர்கள்?