சித்திரை வெயிலில் ஸ்லாப் காங்கிரீட்: ஆட்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி (புது_சூப்பர்வைசர்):
சென்னை சைட், நாலாவது மாடி ஸ்லாப். மொத்தம் 22 பேர், அதில் 8 பேர் சித்தாள் பெண்கள். தண்ணி கேன் கீழே இருக்கு. "தாகம்னா குடிங்க, முடியலன்னா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டேன். யாரும் வாயே திறக்கறதில்ல. காங்கிரீட்டை நடுவுல நிறுத்தவும் முடியாது. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?

நிழல்வலை:
"முடியலன்னா சொல்லுங்க" என்பதில்தான் கோளாறு சார். நாள்கூலிக்கு வந்தவர் சொல்லமாட்டார். நாளைக்கு வரவேண்டாம் என்பார்களோ என்ற பயம். கேட்காமலே கிடைக்கிற மாதிரி ஏற்பாடு இருக்கணும்.

வெயிலில் உழைப்பவருக்கு 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி. மணிக்கு ஒரு லிட்டர் என்றே வையுங்கள். 22 பேர், 6 மணி நேரம்: 132 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. கீழே வைத்தால் நாலு மாடி இறங்கி யாரும் குடிக்கமாட்டார்கள். மேலேயே நிழல்வலை கட்டி, கேனுக்கு ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். காங்கிரீட் சட்டி கைமாறும் வரிசையில் நிற்பவர் தானாக நகரமாட்டார், அடுத்த கை காத்திருக்கும். டம்ளரோடு ஒருவர் அவரிடம் போகணும்.

சித்தாள்கள் குடிக்காததற்குக் காரணம் வேறு. போக இடமில்லை. தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் ஒரு டிரம் தண்ணீரும் இல்லாமல் "நிறைய குடிம்மா" என்று சொல்வதில் பயனில்லை.

போட்ட காங்கிரீட் இறுகியபின் புதுசு போட்டால் ஒட்டாது, பின்னால் கசியும். நிறுத்த முடியாதுதான். அதற்காக ஆட்களும் நிற்காமல் ஓடணுமா? 5 மணிக்கு மிக்சர் சுற்றி 11-க்குள் முடிகிற அளவுக்கு வேலையைப் பிரியுங்கள். நாலு ஆள் கூடுதலாக எடுங்கள். 26 பேரில் நாலு நாலு பேராக 10 நிமிடம் உட்கார்ந்தால் 70 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும், வரிசையும் அறுபடாது. (கேன் எட்டாகும்.) அந்த நாலு கூலியை எஸ்டிமேட்டிலேயே போடுங்கள், அன்று காலையில் கேட்டால் எந்த ஓனரும் தரமாட்டார்.

கம்பி_மட்டம்:
மேலே சொன்னதோடு இதுவும். வெயில் பழகாத புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்குதான், பிறகு தினமும் இன்னொரு பங்கு. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தவரும் பாதியில்தான் தொடங்கணும். பழைய ஆள்தானே என்று முதல் நாளே முழு வேலை கொடுக்கும்போதுதான் சரிகிறார்கள். கூலியை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் உடம்பை மறைப்பார்கள்.

நீங்கள் கடைசியாகச் சாப்பிடுங்கள். பெருந்தன்மைக்காக இல்லை. எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, திறக்காமல் சுவரில் சாய்ந்திருப்பவர் கண்ணில் படுவார். குமட்டலும் தலைவலியும் ஆரம்பித்திருக்கும். வடநாட்டு ஆட்கள் "சக்கர்" என்றால் தலைசுற்றல், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது_சூப்பர்வைசர்:
எல்லாருக்கும் நாள் முழுக்க ஓஆர்எஸ் கொடுக்கலாமா? மயங்கி விழுந்தா முதல்ல ஆஸ்பத்திரிதானே?

முதலுதவிப்பெட்டி:
ஓஆர்எஸ் எல்லோருக்கும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுபவருக்குச் சோற்றிலும் குழம்பிலும் உப்பு கிடைத்துவிடும், பிபி இருப்பவருக்கு அது கூடுதல் சுமை. வியர்த்துக் கொட்டித் தசை பிடிக்கிறது என்பவருக்குக் கொடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கரைக்கணும், டம்ளரில் பாதி தூவக்கூடாது. வெறும் தண்ணீரானாலும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவேண்டாம்.

பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்வை இருந்தாலும் ஏமாறாதீர்கள். 108-க்கு ஒருவர் பேசட்டும், அதே நொடியில் நீங்கள் குளிரவைக்கத் தொடங்கணும். நிழல், சட்டை கழற்றல், காங்கிரீட்டை நனைக்கும் க்யூரிங் ஹோஸால் உடம்பு முழுக்கத் தண்ணீர் (குழாயில் தேங்கின சுடுநீர் போனபிறகு), அட்டையால் விசிறல், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். வண்டி வரும்வரை விடாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

கம்பி_மட்டம்:
இன்னொன்று. ஒருவர் தளர்ந்தால் அவரை மட்டும் உட்காரச் சொல்லாதீர்கள், கூச்சப்பட்டு எழுந்துவிடுவார். அந்த வரிசைக்கே மோர் கொடுங்கள். 1916-இல் அண்டார்டிக் கடலில் சிறு படகில் ஆறு பேராகப் போனபோது துருவப் பயணத் தலைவர் ஷாக்கிள்டன் செய்ததும் இதுதான்: ஒருவர் நடுங்கினால் எல்லோருக்குமே சூடான பால், யாருக்காக என்று சொல்லமாட்டார். மோரில் உப்பு பார்த்துப் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் கரிக்கும்.