கைரேகை விழாத பாட்டியும் வெல்ஃபேர் பணமும்

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகள் இல்லை. சமூக நல இலாகா (வெல்ஃபேர்) அப்போது முதியோருக்குத் தந்த மாதம் 350 ரிங்கிட்தான் வருமானம்.

ஏப்ரலில் பணம் கணக்கில் விழுந்துவிட்டது. எடுக்கத்தான் வழியில்லை. அவரிடம் ஏடிஎம் அட்டை கிடையாது, வங்கிப் புத்தகமும் கைரேகையும்தான். ஆள் நேரில் போக வேண்டும். வீட்டுக்கு ஒருவர், பத்து கிலோமீட்டருக்குள் என்ற விதி இருந்த நேரம். துணிந்து காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

வங்கி வாசலில் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். உள்ளே போனதும் கருவியில் ரேகை விழவில்லை. துடைத்தார்கள், மறுபடி அழுத்தினார்கள், அடுத்த விரலை வைத்தார்கள். ரப்பர் பாலும் அதை உறைய வைக்கும் ஆசிட்டும் பட்டுப் பட்டுத் தேய்ந்த விரல்கள் அவை. நாளை வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் வழியில் பாட்டி விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "தோட்டத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் இவ்வளவுதான், கண்ணு" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

மறுநாள் வேறோர் அதிகாரி அடையாள அட்டையைச் சரிபார்த்துப் பணம் கொடுத்தார். அதை ஏன் முதல் நாளே செய்யவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாட்டி நேராக ஒட்டுக்கடைக்குப் போய் அரிசிக் கடனை அடைத்தார்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் வெல்ஃபேர் பணம் வருகிறது; தம்பி மாற்றுத்திறனாளி. வேலை செய்ய இயலாதவர்களுக்கான உதவித்தொகை 2021-இல் 250-லிருந்து 300 ரிங்கிட் ஆனது, முதியோருக்கு 500. கூடியது பெரிய ஆறுதல். ஆனால் உணவுப் பொட்டலம் கொடுக்க வந்தவர்கள், "இது வெல்ஃபேர் வாங்குகிற வீடு" என்று சொல்லி எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். 300 ரிங்கிட்டில் தம்பியின் டயப்பருக்கே பாதி போய்விடும் என்பதை யாரிடம் சொல்வது? அந்த ஆண்டின் நடுவில் பலர் உதவி தேவை என்று காட்ட வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றினார்கள். அம்மா ஒரு துண்டு வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். கடைசிவரை கட்டவில்லை. கட்டியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?

*

நன்றாக இருக்கிறார், தங்கச்சி. அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டோம். இரகசிய எண்ணை என்னிடம்கூடச் சொல்ல மாட்டார். நானும் கேட்பதில்லை.