ஹோக்கிங் வெப்பநிலை: விடை ஏன் ஆறு மடங்கு கூடுது?

வெள்ளவத்தை_உயர்தரம்:
ஹோக்கிங் வெப்பநிலையை, அதாவது கருந்துளை கதிர்வீசும் வெப்பநிலையை, கணக்கிட்டேன். சூரியனின் திணிவுள்ள (2×10³⁰ கிலோகிராம்) கருந்துளைக்கு 3.9×10⁻⁷ கெல்வின் வருது. புத்தகத்தில் 6.2×10⁻⁸. எங்க பிழை?

பம்பலப்பிட்டி_பௌதிகம்:
பிளாங் மாறிலியை அப்படியே போட்டிருக்கிறீங்கள். முதலில் அதை 2 பையால் வகுக்கோணும். பிறகு ஒளிவேகத்தின் கனத்தால் பெருக்கி, 8 பை × ஈர்ப்பு மாறிலி × திணிவு × போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுங்கோ. திணிவு கிலோகிராமிலேயே இருக்கட்டும்.

தெஹிவளை_வானியல்:
விடை சரியாக வந்தாலும் அந்தக் கருந்துளை இப்ப ஆவியாகாது, அதாவது கதிர்வீசித் திணிவை இழந்து சுருங்காது. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்ப்பு (பெருவெடிப்பிலிருந்து எஞ்சி எங்கும் பரவியுள்ள கதிர்ப்பு) 2.7 கெல்வின், வெளியிலிருந்து உள்வாங்குவதே கூட. சந்திரனின் திணிவில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே என்றால்தான் கரையத் தொடங்கும்.

பம்பலப்பிட்டி_பௌதிகம்:
உண்மை. கருந்துளைக்கு எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) உண்டென்று பௌதிகவியலாளர் பெக்கன்ஸ்டைன் சொன்னபோது ஹோக்கிங் ஏற்கவில்லை. 1974இல் ஹோக்கிங்கின் சொந்தக் கணிப்பே, கருந்துளைக்கு வெப்பநிலை உண்டென்று காட்டி, அதை நிறுவியது. அவர் வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

வெள்ளவத்தை_உயர்தரம்:
2 பையால் வகுத்தேன், 6.2×10⁻⁸ வந்திட்டுது. நன்றி.