பிளாங்க் வெர்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

வ.மா. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து ஆங்கிலக் கவிதை பற்றிய கல்லூரிப் பாடநூலைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பிளாங்க் வெர்ஸ்’ (அடியிறுதி ஒலி ஒன்றாத, ஆனால் அசைக்கணக்கு உள்ள ஆங்கிலச் செய்யுள்) மட்டும் இழுக்கிறது. கூப்பரின் ‘தி டாஸ்க்’ (1785), கோல்ரிட்ஜின் ‘ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்’, வேர்ட்ஸ்வர்த்தின் ‘டின்டர்ன் அபி’ (இரண்டும் 1798) எல்லாம் அந்த யாப்புதான். வரைவில் ‘எதுகையற்ற கவிதை’ என்று இருக்கிறது. விடலாமா?

சொ.ந. எழுதியது:
விடக்கூடாது அம்மா. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அவர்கள் கைவிட்டது அடியிறுதி ஒன்றுவதை, அது இயைபு. ஆனால் புதுச்சொல்லே தேவையில்லை. மோனை, எதுகை முதலிய தொடை (எழுத்து ஒன்றித் தொடுப்பது) எதுவும் அமையாத செய்யுளுக்குத் தொல்காப்பியத்திலேயே பெயர் உண்டு: செந்தொடை. ‘பூத்த வேங்கை வியன்சினை ஏறி’ என்ற எடுத்துக்காட்டுப் பாட்டை யாப்பருங்கலக்காரிகை என்னும் யாப்பு நூலைப் படித்தவர் மறக்க மாட்டார்கள். செம்மை இங்கே நிறமன்று, நேர்மை. செங்குத்து, செங்கோணம், செங்கோல் எல்லாம் அந்த வேர்தான். செந்தமிழும் அப்படியே. செஞ்சொல், செவ்வி, செவ்வனே...

த.கு. எழுதியது:
ஐயா, செங்கல்லுக்குப் போவதற்குள் நிறுத்திக்கொள்வோம். ‘டின்டர்ன் அபி’யின் முதலடியைப் பாருங்கள்: ஃபைவ் இயர்ஸ் ஹேவ் பாஸ்ட், ஃபைவ் சம்மர்ஸ், வித் த லெங்த். ஐந்து சீராகப் பிரித்தால் ‘ஃபைவ்’ ஒன்றிலும் மூன்றிலும் வருகிறது. நம் கணக்கில் பொழிப்பு மோனை! அப்புறம் அது எப்படிச் செந்தொடை ஆகும்? இன்னொன்று, ஐந்து சீர் அடிக்கு நம்மிடம் நெடிலடி என்ற பெயர் தயாராக இருக்கிறது. ‘இயைபிலா நெடிலடிப்பா’ என்றால் ஓசையும் அளவும் ஒருசேரக் கிடைக்கும்.

சொ.ந. எழுதியது:
அவர்களுடைய சீர் ஈரசையில் முடிகிறது. அடிக்குப் பத்து அசை. நம் நெடிலடி அவ்வளவில் அடங்காது. மோனை தற்செயலாக வந்தால் வரட்டும், கவிஞன் அதற்குக் கட்டுப்படவில்லையே.

பே.இ. எழுதியது:
வகுப்பில் இதை நடத்துகிறவள் நான். செந்தொடை என்றால் தமிழ் இலக்கிய மாணவருக்கே விளக்க வேண்டும். அதைவிட, எதைத் துறந்தார்கள் என்று புரிய வேண்டும். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் ஹோமரை இயைபு ஈரடிகளில் தந்தார். கூப்பர் 1791இல் அதே ஹோமரை இயைபே இல்லாமல் மொழிபெயர்த்தார். இயைபு போனால் எஞ்சுவது கண்ணுக்கு மட்டுமே செய்யுள் என்ற ஒரு விமர்சகரின் சொல்லை, மில்டன் பற்றி எழுதும்போது சாமுவேல் ஜான்சன் எடுத்துக்காட்டியது 1779இல். அந்தச் சண்டை சொல்லிலேயே தெரிய வேண்டும். எனவே ‘இயைபிலாச் செய்யுள்’. ‘கட்டற்ற கவிதை’ மட்டும் வேண்டாம்; அது ஃப்ரீ வெர்ஸ். இங்கே அசைக்கட்டு உறுதியாக இருக்கிறது.

அ.ரா. எழுதியது:
அகவலை, அதாவது ஆசிரியப்பாவை, ஏன் எல்லாரும் மறந்தீர்கள்? சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை ஆங்கில நாடகச் செய்யுளுக்கு ஈடாக அகவலில்தானே எழுதினார்? வாசகருக்குப் பழகிய ஓசை, அழகிய பெயர்.

பே.இ. எழுதியது:
மொழிபெயர்க்கும் யாப்புக்கு அகவல் மிகப் பொருத்தம். பெயராக வைத்தால் வேர்ட்ஸ்வர்த் ஆசிரியப்பா பாடினார் என்று தேர்வில் எழுதுவார்கள். பேச்சாகவே ஓடும் அந்தக் குரலுக்கு இயைபிலாச் செய்யுள்தான் குறுக்கே நிற்காத பெயர்.

வ.மா. எழுதியது:
நன்றி. ‘இயைபிலாச் செய்யுள்’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பிளாங்க் வெர்ஸ்’, அடிக்குறிப்பில் பத்து அசைக் கணக்கு. த.கு., அ.ரா. இருவரும் தனிமடலில் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

சொ.ந. எழுதியது:
நான் சொல்லவில்லை. இயைபு இல்லாமை தமிழில் ஒரு குறையோ புதுமையோ அல்ல. சங்கப் பாட்டில் அடியிறுதி இயைபை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இல்லாததைச் சொல்லிப் பெயர் வைக்கிறீர்கள். அந்த அடிக்குறிப்பில் ‘செந்தொடை என்பாரும் உளர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.