மூக்கு வழியா பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன்: பண்ணிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. ரோடு தாண்டும்போது பக்கவாட்டுல வர்ற வண்டி தெரியலைன்னாங்க. கண்ணாடி மாத்தியும் சரியாகலை. எம்ஆர்ஐ-ல பிட்யூட்டரியில, அதாவது மூளைக்கு அடியில இருக்கற சின்ன ஹார்மோன் சுரப்பியில கட்டி, பார்வை நரம்பை அழுத்துதாம். எண்டோஸ்கோப்புல எடுத்துடலாம்ங்கறாங்க. மண்டையைத் திறக்காம எப்படிங்க?

பதில்: எனக்கே பண்ணியிருக்கு தம்பி. எண்டோஸ்கோப்புங்கறது கேமரா வச்ச 4 மி.மீ. தடிமன் குழாய். மூக்குக்குள்ள போய், அதுக்குப் பின்னாடி இருக்கற ஸ்பீனாய்டு சைனஸ்ங்கற காத்தறையோட எலும்பைத் திறந்தா அதுக்குப் பின்னாடியே பிட்யூட்டரி. மூளையை ஒதுக்கவே வேண்டாம், முகத்துல தழும்பும் கிடையாது. ஆனா சுலபம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. மூக்கடைப்பு இருக்கே, அதுதான் கொடுமை! ராத்திரி பூரா வாயாலயே மூச்சு விட்டு நாக்கு அப்பளமா வறண்டுடும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்துதான் தும்மணும். ரசம் கொதிச்சா வாசனை தெரியாது, வீட்டுக்காரி சொன்னாத்தான் தெரியும்.

பதில்: நான் நர்ஸ். குனியறப்ப மூக்குல தண்ணியா சொட்டி, தொண்டையில உப்புக் கரிச்சா சளின்னு விட்டுடாதீங்க. மூளைநீர் கசிவா இருக்கலாம். அடிக்கடி ஒண்ணுக்குப் போய், தாகம் அடங்கலைன்னாலும் உடனே சொல்லணும்.

பதில்: ரத்தத்துல புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) அளவு பார்த்தாச்சா? அதைச் சுரக்கற வகைக் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலயே சுருங்கிடும்.

கேள்வி கேட்டவர்: பார்த்தாச்சுங்க, அது இல்லையாம். அண்ணே, வாசனை திரும்ப வந்துச்சா?

பதில்: வந்துச்சு தம்பி. முதல்ல பெருங்காயம்தான்.