குளிர்ந்த காற்று தரையைச் சூடாக்குமா?

தளி விவசாயி:
"மேலே இருக்கும் குளிர்ந்த கார்பன் டை ஆக்சைடு கீழே இருக்கும் சூடான தரையைச் சூடாக்காது, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதற்கு இடம் கொடுக்காது. புவி வெப்பமாதல் கட்டுக்கதை" என்று ஓசூர் பாய்லர்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஐயா, அந்த விதி நிகர வெப்பத்தைப் பற்றியது. குளிர்ந்த பொருள் கதிர் வீசவே கூடாது என்று அந்த விதியை வகுத்த கிளாசியஸ் சொல்லவில்லை. தரை மேலே அனுப்புவது அதிகம், வாயு கீழே அனுப்புவது குறைவு. நிகரமாக வெப்பம் மேலேதான் போகிறது. விதி எங்கே மீறப்பட்டது? வெயில் வந்துகொண்டே இருக்க, இழப்பு மட்டும் குறைந்தால் தரை சூடேறாமல் என்ன செய்யும்?

ஓசூர் பாய்லர்காரர்:
பணிக்காலம் முழுவதும் கொதிகலனோடு வாழ்ந்தவன் நான். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். இதை எனக்கு ஒரு முட்டைக்கோஸ் தோட்டக்காரர் கற்றுத்தர வேண்டியதில்லை. அதுவும் காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் வாயுவாம்!

தளி விவசாயி:
தோட்டக்காரன் என்பதால்தான் சொல்கிறேன். தை மாதத்தில் எங்கள் பக்கம் வாருங்கள். வானம் தெளிந்த இரவில் முட்டைக்கோஸ் இலையெல்லாம் பனி கோத்து நிற்கும், விரல் வைத்தால் விறைக்கும். மேகம் மூடிய இரவில் அதே பாத்தியில் குளிர் தணிந்துவிடும். மேகம் தரையைவிடக் குளிர்ந்ததுதானே? உங்கள் விதிப்படி அது எப்படி நடக்கிறது?
0.04 சதவீதத்துக்கும் பதில் இருக்கிறது. 1859இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் குழாயில் வாயுக்களை அடைத்து அளந்தார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை அப்படியே விட்டுவிட்டன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மறித்தன. மறிக்காத 99 சதவீதத்தைக் காட்டி என்ன பயன்?

பாலக்கோடு அக்கா:
தருமபுரி வெயிலுக்குக் கார்பன் எதற்கு? சாலையோரப் புளியமரங்களை வெட்டினார்கள், ஏரியைத் தூர்த்தார்கள். அதைப் பேசுங்கள்.

தளி விவசாயி:
மரம் போனதால் ஊர் சுடுகிறது, மறுக்கவில்லை. கடலும் சூடாகிறதே அக்கா, அங்கே யார் புளியமரம் வெட்டினார்கள்?

பாலக்கோடு அக்கா:
கேலி வேண்டாம். நிழலே இல்லாத நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவள் நான்.

ஓசூர் பாய்லர்காரர்:
மேகம் என்பது நீர். நான் கேட்டது கார்பன் டை ஆக்சைடை. நீர்தான் எல்லாம் செய்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
பாய்லர்காரர் பேசுவது புதிதா? பெங்களூரா மாங்காய் விலை சரிந்தபோது "விவசாயிக்குக் கணக்குத் தெரியாது" என்று எழுதியவர் இவர். கூழ் ஆலைக்கு வண்டி வண்டியாக ஏற்றிவிட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்து எழுதினார். நான் மறக்கவில்லை.

ஓசூர் பாய்லர்காரர்:
மாங்காய்க்கும் இரண்டாம் விதிக்கும் என்ன சம்பந்தம்?

தளி விவசாயி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நீராவி சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். காற்று சூடானால்தான் கூடுதலாகத் தங்கும். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அதை அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு; இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அடுத்து சூரியன்மேல் பழி போடுவீர்கள். சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது.

ஓசூர் பாய்லர்காரர்:
கதை வேண்டாம். குளிர்ந்தது சூடானதைச் சூடாக்குமா? ஆம் அல்லது இல்லை.

தளி விவசாயி:
தனியாக விட்டால் இல்லை. வெயில் காயும் தரையில்...

ஓசூர் பாய்லர்காரர்:
"இல்லை" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளி விவசாயி:
பாதி வாக்கியத்தை வெட்டி எடுக்காதீர்கள் ஐயா! முழுதாக மறுபடி எழுதுகிறேன்: வெயில் காயும் தரையில் வெப்பம் வெளியேறுவது குறைந்தால் தரை சூடேறும். இதில் எந்தச் சொல் தவறு, அதைச் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
முதலில் அந்தக் கணக்குப் பேச்சுக்குப் பதில் சொல்லட்டும்.