தக்காளிப் பிசின், நெட்டில், பூனைக்காலி: சுணை பட்டவங்க அனுபவம்

கொடிவேலி:
இலை மயிர், அதாவது சுணை, தோல்ல பட்டா என்ன ஆகுதுன்னு பேசலாம்; என்னோடது தக்காளியில பக்கக்கிளை கிள்ளினதும் விரல்ல அப்புற கரும்பச்சைப் பிசின் பற்றித்தான். சோப்பு போட்டா நுரையே பளிச்சுனு மஞ்சளாகும், துடைச்ச துண்டுலயும் அது ஏறிடும். பலர் இலைச்சாறுன்னு நினைக்கிறாங்க. அது சுரப்பி மயிர் (நுனியில பிசின் சுரக்கிற நுண்மயிர்) உடைஞ்சு வர்றது. நாலு செல் கொண்ட தலை, லேசாப் பட்டாலே போதும். உள்ள டெர்பீன் எண்ணெய் (தக்காளிச் செடியோட வாசமே அதுதான்), கூடவே ருட்டின் மாதிரி ஃபிளேவனாய்டுகள்ங்கிற தாவர நிறப்பொருள்கள். இவை காரப்பொருள் (சோப்பு மாதிரி, அமிலத்துக்கு எதிரானது) பட்டா மஞ்சளாகும். அதனால முதல்ல எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேய்ங்க, அப்புறம் சோப்பு. ஒட்டுப்பிசுக்கு விடலேன்னா ஆல்கஹால் சானிடைசர் கரைச்சிடும்.

இலைநரம்பு:
நெட்டில்தான் (தொட்டா சுணை குத்துற கீரைச்செடி) எனக்கு இன்னும் உறுத்துது. கை பட்ட நொடியிலேயே சுரீர்னு ஏறுது, பிறகு தடிப்பு. ஃபார்மிக் அமிலம்தானே காரணம்? சமையல் சோடா குழைச்சுப் பூசினா அமிலம் அடங்கி சரியாகணுமே, ஏன் ஆகலை?

நுண்ணோக்கி:
@இலைநரம்பு ஃபார்மிக் அமிலம் இருக்கு, ஆனா அந்த வலிக்குக் காரணம் சொல்ற அளவுக்கு இல்ல. சுணைச் சாற்றுல ஹிஸ்டமினும் (அலர்ஜியில நம்ம உடம்பே விடுற, அரிப்பும் தடிப்பும் உண்டாக்குற பொருள்) அசிட்டைல்கோலினும் (நரம்புச் செய்தி கடத்துற பொருள்) இருக்குன்னு எம்மெலின், ஃபெல்ட்பெர்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1947-லேயே காட்டிட்டாங்க, அதே மாதிரி செரோட்டோனினும் உண்டு. சோடாவால இதை எதுவும் செய்ய முடியாது. சுணை ஒரே செல். சிலிக்கா நுனியில ஒரு சின்னக் குமிழ்; அது ஒடிஞ்சதும் மிச்சம் ஊசிமருந்துச் சிரிஞ்சு முனை மாதிரி சாய்வா நிக்கும், அடிப்பை அழுந்தி சாறு தோலுக்குள்ள போகும். தேய்ச்சா இன்னும் ஒடியும். செல்லோடேப் ஒட்டி உரிங்க, அப்புறம் கழுவுங்க. கீரையா சமைக்கிறவங்க பயப்பட வேண்டாம், வெந்ததும் சுணை துவண்டு குத்தாது.

பசுந்தளிர்:
பூனைக்காலிக் கொடியை எப்படி விட்டீங்க? காற்றடிச்சாலே சுணை பறந்து கழுத்துல ஒட்டி, அரிப்பு தாங்காது. அலர்ஜி மாத்திரை போட்டும் அடங்கலைன்னு சொல்றவங்க நிறைய. காரணம் மியூகுனைன்கிற புரதம் சிதைக்கும் நொதி. அது நரம்பு முனையில பார்-2, பார்-4ங்கிற ஏற்பிகளை (அரிப்புச் செய்தி கிளப்புற புரதங்கள்) தூண்டுது; அலர்ஜி மாத்திரை தடுக்கிற ஹிஸ்டமின் வழியில போகலை.

நுண்ணோக்கி:
சரி, ஆனா அது காய் மேல இருக்கிற சுணை. நாம பேச ஆரம்பிச்சது இலைச் சுணை பற்றி.

பசுந்தளிர்:
இலையோ காயோ, புறத்தோல்ல முளைக்கிற அதே உறுப்புதானே. தோல்ல ஒட்டினதை உரிக்கிறதும் அதே டேப்தான்.

வேர்முடிச்சு:
கேட்காமலே ஒண்ணு சொல்றேன். தக்காளித் தண்டுல, செடியைத் தின்னுற சிலந்திப்பேனை ஒழிக்க விடுற ஃபைட்டோசியூலஸ்ங்கிற நன்மைப் பேன் ஒட்டிக்கிட்டு செத்துக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறலை. சுரப்பி மயிர் எதிரி நண்பன் பார்க்காது. மற்றொரு வகை மயிர் அசைல் சர்க்கரை கசியும்: குளுகோஸோ சுக்ரோஸோ, அதுல கொழுப்பு அமிலம் இணைஞ்ச பசை. காட்டுத் தக்காளி இனமான சொலானம் பென்னெல்லியில இது மிகுதி, அசுவினியும் வெள்ளை ஈயும் அதுல தங்காது. அதனால ஃபைட்டோசியூலஸை அடித்தண்டுல கொட்டாதீங்க, அது மேலேறி வரும்னு நம்பாதீங்க. சிலந்திப்பேன் இருக்கிற இலை மேலேயே தூவுங்க. தக்காளியிலேயே வளர்த்த வம்சம் கிடைச்சா அதை வாங்குங்க.

பூச்சிக்கு சோப்புக் கரைசல் தெளிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு: அடர்ந்த மயிர் உள்ள இலையில துளி மயிர் நுனியிலேயே உருண்டு நிக்கும், அடியில இருக்கிற பூச்சி நனையாது. முதல்ல ஒரே இலையோட அடிப்பக்கம் தெளிச்சு லென்ஸ்ல பாருங்க. முத்தா நின்னா தெளிப்பான்ல நுண்துளி முனைக்கு மாத்துங்க, பரப்பி (கரைசலை இலையில பரவ வைக்கிற திரவம்) சேருங்க. படலமாப் படிஞ்சா மட்டும் செடி முழுக்கத் தெளிங்க.